நாவலர் எழுந்து நின்றாரா?

1

ஆயா செத்துப்போனபோது எனக்குப் பதினேழு வயது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் அம்மாவின் ஊர். நடுக்கூடத்தில் ஆயாவைக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றி வைத்திருந்தார்கள். அம்மா வீட்டில் எல்லோரும் வடலூர்க்காரர்கள். வடலூரில் வீடு இருக்கிறது என்று அர்த்தமில்லை, தைப்பூசம் தவறாமல் ஜோதி பார்க்கப் போகிறவர்கள், கவுச்சி தொடாதவர்கள், செத்தால் எரிக்காமல் புதைக்கிறவர்கள். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அருட்பெருஞ்ஜோதி அகவலில் பாதிக்கு மேல் மனப்பாடம். அகவல் மொத்தம் 1596 அடி என்பது பிற்பாடு எனக்குத் தெரிந்தபோது ஆயா மேல் வந்த மரியாதை வேறு மாதிரி.

பெரிய மாமா அகவல் புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தார். அப்போது அப்பாவின் அண்ணன், சிதம்பரத்திலிருந்து வந்திருந்த பெரியப்பா, திண்ணையிலிருந்தே குரல் கொடுத்தார். "முதல்ல சிவபுராணம் படிங்க. அதுதான் முறை. இதெல்லாம் அப்புறம் வெச்சிக்கலாம்."

மாமா நிமிர்ந்து பார்த்தார். "இதெல்லாம்னா?"

"அருட்பான்னு நீங்க சொல்றது. பெரியவங்க அதுக்கு வேற பேரு வெச்சிருக்காங்க."

அந்த வேறு பெயரைப் பெரியப்பா சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, மாமாவுக்கு அது தெரிந்திருந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தார். "ஒங்க நாவலரே மஞ்சக்குப்பம் கோர்ட்டுல எங்க சாமியப் பார்த்ததும் எழுந்து நின்னாரு தெரியுமில்ல? கேஸு போட்டவரே கையெடுத்துக் கும்பிட்டாரு."

"யாரு சொன்னா? ஒங்க ஆளு நான் அப்பிடிப் பேசவே இல்லன்னு சொல்லித் தப்பிச்சாரு. அதான் நடந்தது."

கூடம் அமைதியானது. அம்மா அழுகையை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தாள். ஆயா பாட்டுக்கு வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். கடைசியில் எதுவும் படிக்கப்படவில்லை. ஆயா மெளனமாகவே மண்ணுக்குள் போனாள். பெரியப்பாவும் மாமாவும் அதற்குப் பிறகு என் கல்யாணத்தில்கூட ஒரே பந்தியில் உட்காரவில்லை.

ஏறக்குறைய நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கோர்ட்டில் ஒருவர் எழுந்து நின்றாரா இல்லையா என்பதற்காக ஒரு சாவு வீட்டில் பாட்டு நின்றுபோகும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அருட்பா மருட்பா விவாதத்தை நான் இலக்கிய வரலாற்றில் படிக்கவில்லை. சாவு வீட்டில் படித்தேன்.

2

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆறுமுக நாவலர் 1822 டிசம்பரில் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்தவர். இராமலிங்கர் 1823 அக்டோபரில் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில் பிறந்தவர். பத்து மாத வித்தியாசம். ஒரே வகுப்பில் படித்திருக்க வேண்டியவர்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இருவரும் சைவ மரபுக்குள் வளர்ந்தவர்கள். ஒருவருக்குக் கல்யாணமே இல்லை, இன்னொருவர் பெயருக்குத் தாலி கட்டிவிட்டு இல்லறத்தில் இறங்காதவர் என்பார்கள்.

நாவலர் இளமையில் பீட்டர் பெர்சிவலுடன் சேர்ந்து பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தார். பிறகு அந்த மிஷனரிகளிடம் கற்ற ஆயுதங்களையே, அதாவது பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், வசன நடை, மேடைப் பிரசங்கம் எல்லாவற்றையும், சைவத்துக்காகத் திருப்பிப் பிடித்தார். 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' பட்டம் தந்தது. 1852இல் பெரியபுராண வசனம். 1864இல் சிதம்பரத்தில் இன்னொரு பள்ளி.

இராமலிங்கர் சென்னையில் வளர்ந்து, கோயில் கோயிலாகப் பாடி, 1858 வாக்கில் கருங்குழிக்கு வந்து சேர்ந்தார். 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அதே வருஷம் அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களை ஆறு பகுதிகளாகப் பிரித்து முதல் நான்கையும் அச்சிட்டார். நூலுக்குத் 'திருவருட்பா' என்று பெயர். ஒவ்வொரு பகுதிக்கும் 'திருமுறை' என்று பெயர். ஆசிரியருக்குத் 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்று பெயர்.

இந்த மூன்று பெயர்களில்தான் தீப்பிடித்தது.

சைவர்களுக்குத் திருமுறை என்றால் பன்னிரண்டுதான். அருட்பா என்றால் தேவாரம், திருவாசகம் முதலான, கோயிலில் பூஜை முடிவில் ஓதுகிற பாடல்கள். நேற்றுவரை கந்தகோட்டத்தில் பார்த்த ஒரு மனிதர் பாடியது எப்படி அருட்பாவாகும்? சில கோயில்களில் தேவாரத்தின் இடத்தில் இதைப் பாடவும் தொடங்கிவிட்டார்கள் என்ற கோபம் வேறு. 'போலியருட்பா மறுப்பு' வெளிவந்தது. அட்டையில் இருந்தது மாவண்டூர் தியாகேச முதலியார் பெயர். எழுதியது நாவலர் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம்.

பேரை ஒளித்துக்கொண்டு திட்டுவது நம்ம காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

3

இனி மஞ்சக்குப்பம். 1869இல் சிதம்பரம் கோயிலில் கூடிய கூட்டமொன்றில் நாவலர் இழிவாகப் பேசப்பட்டார் என்பது வழக்கு. தீட்சிதர்களுக்கு நாவலர்மேல் ஏற்கெனவே கோபம் இருந்தது. ஆகமப்படி நடக்கவில்லை, சிவதீட்சை பெறவில்லை என்று அவர் அவர்களைக் கண்டித்துக்கொண்டிருந்தார். அவர்களோடு அந்தக் கூட்டத்தில் இராமலிங்கரும் இருந்தார். 'நாவலர்' என்ற பட்டத்தைப் பிரித்து, வேறு பொருள் வரும்படி அவர் சொல்விளையாட்டு ஆடினார் என்று சொல்லப்படுகிறது. அந்தப் பொருள் என்ன என்பதைப் பல புத்தகங்களில் பார்க்கலாம். நான் இங்கே எழுதப்போவதில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நாவலர் மானநஷ்ட வழக்குப் போட்டார். கோர்ட்டில் என்ன நடந்தது என்பதற்கு நம்மிடம் இரண்டு கதைகள் இருக்கின்றன, மாமாவின் கதையும் பெரியப்பாவின் கதையும்.

மாமாவின் கதையில் இராமலிங்கர் வெள்ளைத் துணி போர்த்தி உள்ளே வருகிறார். எல்லோரும் தன்னையறியாமல் எழுகிறார்கள். நாவலரும் எழுகிறார். நீதிபதி கேட்கிறார், உன்மேல் குற்றம் செய்தவர் என்கிறாய், நீயே ஏன் எழுந்து நின்றாய்? வழக்கு தள்ளுபடி.

பெரியப்பாவின் கதையில் இராமலிங்கர் தான் நாவலரைக் குறித்து எதுவும் இழிவாகச் சொல்லவில்லை என்று சொல்லிவிடுகிறார். சொல்லவில்லை என்றால் பிறகு என்ன வழக்கு? விட்டுவிடுகிறார்கள்.

ஒரு விமர்சகனாக இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் முதலில் படுவது, இரண்டும் கதையாக எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்பது. முதல் கதை பெரியபுராணத்தின் மொழியில் சொல்லப்பட்டது. அடியார் வருகிறார், பகைவன் அறியாமல் வணங்குகிறான், சபை வியக்கிறது. அதாவது அருட்பாவைப் பெரியபுராணத்தோடு சேர்க்கக்கூடாது என்று வழக்காடியவரை, பெரியபுராணத்தின் வாய்பாட்டைக் கொண்டே தோற்கடிக்கிறது அந்தக் கதை. இரண்டாவது கதை மிஷன் பள்ளியில் படித்த மூளையின் கதை. சாட்சி என்ன, வாக்குமூலம் என்ன, பதிவு என்ன என்று பார்க்கிறது. அற்புதத்துக்கு எதிராக ஆவணத்தை நிறுத்துகிறது.

இரண்டு கதைகளும் ஒருசேர நடந்திருக்க முடியும் என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. ஒருவர் எழுந்து நின்றிருக்கலாம். மற்றவர் நான் அப்படிச் சொல்லவில்லை என்றும் சொல்லியிருக்கலாம். முன்னது மரியாதை, பின்னது ஒருவகையில் வருத்தம். எதிரியை இனி காயப்படுத்த விரும்பாதவரும் 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்றுதான் சொல்வார். இது என் ஊகம்தான். ஆனால் நூற்றைம்பது வருஷமாகப் புழங்கும் ஊகங்களைவிட இது மோசமில்லை என்று நினைக்கிறேன்.

4

ப. சரவணன் இந்தச் சண்டையின் பிரசுரங்களையெல்லாம் தேடித் தொகுத்துக் கண்டனத் திரட்டாக வெளியிட்டிருக்கிறார். தலையணை அளவு. சாதாரண வேலை இல்லை அது, அரும்பாடு. நான் அதை ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தேன். முதல் நூறு பக்கத்தில் உற்சாகம். இருநூறில் சிரிப்பு. நானூறில் ஒரு விதமான களைப்பு, கூட வெட்கம்.

தலைப்புகளையே பாருங்கள். 'குதர்க்காரணிய நாச மகா பரசு'. குதர்க்கம் என்னும் காட்டை அழிக்க வந்த பெருங்கோடரி. இப்படி ஒரு தலைப்பை இன்றைக்கு யாராவது வைத்தால் நானே காசு கொடுத்து வாங்குவேன். இன்னொன்று 'திருவருட்பா தூஷண பரிகாரம்'. இது அருட்பா தரப்பின் நூல். 1854இல் மிஷனரிகளுக்கு மறுப்பாக நாவலர் எழுதிய நூலின் பெயர் 'சைவ தூஷண பரிகாரம்'. அவர் பாதிரிகளுக்கு எதிராகச் செய்துவைத்த கத்தியின் பிடியைப் பிடித்து அவரையே குத்துகிறார்கள். பெயர் வைப்பதில் இருந்த இந்தக் குறும்பு உள்ளே வாதத்திலும் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

உள்ளே இருப்பது வேறு. எதிராளியின் வரியை எடுத்துப்போடு, அதில் ஒரு சந்திப் பிழையைக் கண்டுபிடி, பிழையைக் கண்டுபிடித்ததும் அவன் குரு யார் என்று கேள், குருவைக் கேட்டதும் அவன் ஒழுக்கத்தைக் கேள், ஒழுக்கத்தைக் கேட்டதும் அவன் சாதியைக் கேள். ஐந்தாவது படியில் பாட்டு எங்கேயோ காணாமல் போயிருக்கும். கண்டனம், கண்டனத்துக்குக் கண்டனம், அதற்கும் ஒரு கண்டனம் என்று ஏணி மேலே போகப்போகக் கீழே தரையில் கிடக்கிற கவிதையை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

'மருட்பா' என்ற வசவையே எடுத்துக்கொள்ளுங்கள். யாப்பிலக்கணத்தில் மருட்பா என்பது வசவு கிடையாது. வெண்பாவில் தொடங்கி ஆசிரியப்பாவில் முடிகிற ஒரு பாவகை. ஒன்று இன்னொன்றாக மயங்கிக் கலப்பதால் அந்தப் பெயர். இதை வைத்தே ஒரு நல்ல விமர்சனம் எழுதியிருக்கலாம். இராமலிங்கரின் பாட்டில் அப்படித்தான் நடக்கிறது. தேவாரத்தின் சந்தத்தில் ஆரம்பிக்கும், சித்தர் குரலில் போகும், கீர்த்தனையாகி நொண்டிச்சிந்தின் துள்ளலைத் தொட்டுவிட்டு, திடீரென்று ஒரு குழந்தை அப்பாவிடம் முறையிடுவதுபோல முடியும். பழைய இலக்கணம் கையில் வைத்திருந்த ஒரு சொல், அதன் பொருள் தெரிந்த பண்டிதர்களின் கையிலேயே, கல்லாக மட்டும் பயன்பட்டது.

5

இரு தரப்பும் தப்பு, இரு தரப்பும் சரி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அப்படிச் சொன்னால் நான் கட்டுரை எழுதியிருக்கவே வேண்டாம். எனவே என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன்.

நாவலரின் கேள்வி முட்டாள்தனமான கேள்வி அல்ல. ஒரு மரபில் எது மூலநூல், எது பிற்காலப் பாட்டு என்று கேட்பதற்குப் பதிப்பாசிரியருக்கு உரிமை உண்டு. அதுவும் பாதிரிகள் 'உங்கள் வேதம் எது, காட்டு' என்று கேட்டுக்கொண்டிருந்த காலம். பைபிளோடு வருஷக்கணக்கில் பழகியவர் அவர். எல்லை கட்டப்பட்ட புத்தகம் ஒரு மதத்துக்கு எவ்வளவு பலம் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? சைவத்துக்கும் அட்டை போட்டு, பக்க எண் போட்டு, 'இவ்வளவுதான்' என்று முடித்து வைக்க அவர் ஆசைப்பட்டார் என்றுதான் நான் வாசிக்கிறேன். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து பதிமூன்றாவதாக ஒரு வால்யூம் கொடுத்தால்?

ஆனால் திருமுறை ஒருநாளும் அப்படி மூடிய புத்தகமாக இருந்ததில்லை. நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்பது மரபு. அந்தத் தொகுப்பிலேயே நம்பியின் சொந்தப் பாடல்கள் பதினோராம் திருமுறையில் இருக்கின்றன. பிறகு சேக்கிழார் வந்தார், பன்னிரண்டாவது சேர்ந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு சோழ அமைச்சர் எழுதிய காவியத்துக்குக் கதவு திறந்தது என்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏன் திறக்கக் கூடாது? 'காலம் முடிந்துவிட்டது' என்பதுதான் பதில் என்றால், முடிந்தது என்று சொன்னது யார்? இந்தக் கேள்விக்கு நாவலர் பக்கம் பலமான பதில் இல்லை. அதனால்தான் பாட்டிலிருந்து பேச்சு ஆளுக்கு நகர்ந்தது என்று நினைக்கிறேன். யார் பாடலாம் என்ற கேள்விக்கு அடியில், யார் யாரெல்லாம் எங்கே நிற்கலாம் என்ற கேள்வி இருந்தது. நாவலர் சாதி ஆசாரத்தை விடாதவர். இராமலிங்கர் சாதியையும் சமயத்தையும் குப்பை என்று தள்ளத் தொடங்கியிருந்தவர். பிரசுரங்களில் இலக்கணப் பிழை என்று பேசப்படுவதில் பாதி இந்தப் பயம்தான்.

அருட்பா தரப்புக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அவர்கள் காப்பாற்றியது எந்த இராமலிங்கரை? சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில் அவர் நகர்ந்துகொண்டே இருந்தார். 1872இல் தில்லைக்கு மாற்றாக வடலூரிலேயே சத்திய ஞானசபை கட்டினார். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடி கட்டி ஆற்றிய பேருபதேசத்தில், தனக்கு முன்பு சைவத்தின்மேல் எவ்வளவு பற்று இருந்தது, அதைத் தான் எப்படி விட்டுவிட்டேன் என்பதை வெளிப்படையாகவே சொன்னார். வேதம், ஆகமம், புராணம் எதிலும் லட்சியம் வைக்க வேண்டாம் என்றார். அதாவது, இவருடைய பாட்டைத் திருமுறையில் சேர்க்கலாமா கூடாதா என்று இரண்டு பக்கமும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் அந்த வீட்டையே காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார். அந்தப் புதிய குரல் முழுதாக இருக்கிற ஆறாம் திருமுறை அச்சில் வந்தது 1885இல், அவர் மறைந்து பதினொரு வருஷம் கழித்து. முதல் சுற்றுச் சண்டை முழுக்க நடந்தது அவர் தாண்டிப்போன பாடல்களைப் பற்றி.

உயிருள்ள கவிஞனை அவனுடைய பழைய புத்தகத்தில் கட்டிப்போட்டு, அதற்காகச் சண்டை போட்டு, அதையே பக்தி என்று சொல்லிக்கொள்வது. இதை நாம் இப்போதும் செய்கிறோம்.

6

இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகும் சண்டை ஓயவில்லை. 1903, 1904 வாக்கில் சென்னையில் இரண்டாம் சுற்று. மருட்பா தரப்பில் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை. பெரிய அகராதி தொகுத்தவர், 'மாயாவாத தும்ச கோளரி' என்று பட்டம் பெற்றவர். அருட்பா தரப்பில், பிற்பாடு மறைமலையடிகள் ஆன நாகை வேதாசலம் பிள்ளை. கூடவே கோட்டாற்றுப் பக்கத்து இடலாக்குடிக்காரர் செய்குத்தம்பிப் பாவலர். ஒரு முஸ்லிம் புலவர் அருட்பாவுக்காக மேடை மேடையாகப் பேசினார். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தவர் இவர்தான். சைவர்கள் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்ட ஒரு பாட்டை, இஸ்லாமியர் ஒருவர் பாட்டாகவே எடுத்துப் பேசினார் என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கொஞ்சம் லேசாகும்.

இந்தச் சுற்றிலும் வழக்கு உண்டு. அதில் எனக்கு முக்கியமாகப் படுகிறவர் வாதியோ பிரதிவாதியோ இல்லை, ஒரு சாட்சி. ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் கதிரைவேற்பிள்ளையிடம் படித்த பையன். தன் ஆசிரியருக்காகச் சாட்சி சொல்ல அவன் கோர்ட்டுக்குப் போனான். அன்றைக்குப் பள்ளியில் பரீட்சை. எழுத முடியவில்லை. பள்ளிப் படிப்பு அத்தோடு நின்றது. அந்தப் பையன் பெயர் திரு.வி. கலியாணசுந்தரம்.

திரு.வி.க. ஆனது பிறகு. தமிழ் உரைநடையை மாற்றியவர், தொழிற்சங்கம் கட்டியவர், எல்லாம் சரி. ஆனால் அந்த ஒருநாளை நினைத்துப் பாருங்கள். கீழ்நடுத்தரக் குடும்பம். மெட்ரிகுலேஷன் என்பது ஒரு வாழ்க்கை. அது இன்னொருத்தரின் மானத்துக்காகப் போகிறது. கதிரைவேற்பிள்ளை 1907இல், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். 1908இல் அந்த மாணவர் முதல் புத்தகமாக எழுதியது ஆசிரியரின் சரித்திரம்.

அதே திரு.வி.க. 1929இல் எழுதிய இன்னொரு புத்தகத்தின் பெயர் 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்'.

எந்த மனிதருக்கு எதிரான தரப்பில் நின்று பரீட்சையை இழந்தாரோ, அவருடைய உள்ளத்தைத் தேடி எழுதுகிறார். ஆசிரியரை மறுதலிக்கவும் இல்லை. இடையில் ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம். என்ன நடந்தது அதற்குள்? பெரிதாக ஒன்றுமில்லை, உட்கார்ந்து பாட்டைப் படித்திருக்கிறார். இந்தச் சண்டை முழுவதிலும் எனக்குப் பிடித்த திருப்பம் இதுதான். யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. ஒருத்தர் தன் தரப்பை விட்டுவிட்டு வாசகரானார்.

வேதாசலமும் அப்படித்தான். 1916இல் அவர் வீட்டில் மகள் அருட்பாவிலிருந்து ஒரு பாட்டைப் பாடுகிறாள். அதில் 'தேகம்' என்று வருகிற இடத்தில் 'யாக்கை' என்று இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அப்பாவுக்குத் தோன்றுகிறது. தனித்தமிழ் இயக்கம் பிறந்த கதையாக இதைச் சொல்வார்கள். தனித்தமிழ்மேல் எனக்குச் சொந்த விமர்சனங்கள் உண்டு. ஆனால் கவனியுங்கள், ஒரு சொல்லின்மேல் காது வைத்துக் கேட்டிருக்கிறார்கள். கண்டனத் திரட்டின் நானூறு பக்கங்களில் எனக்குக் கிடைக்காத கவனம் அது.

7

இன்னும் ஒன்று. 1867இல் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயா வருஷா வருஷம் அங்கே ஒரு மூட்டை அரிசி கொடுத்தனுப்புவாள். ஆனால் நாவலர் மூட்டிய அடுப்பைப் பற்றி எங்கள் வீட்டில், பெரியப்பா உட்பட, யாருக்கும் தெரியாது. 1877இல் யாழ்ப்பாணத்தில் பஞ்சமும் வாந்திபேதியும் வந்தபோது நாவலர் கஞ்சித்தொட்டி வைத்தார். வீடு வீடாகப் போய் அரிசி சேர்த்தார். பஞ்சத்தைக் கவனிக்காத அரசாங்க அதிபர் துவைனத்துக்கு எதிராக எழுதினார். அப்போது இராமலிங்கர் இல்லை. 1874 ஜனவரி 30ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னவரை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 1879இல் நாவலரும் போனார்.

இந்த இருவரில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இன்னொருவரைப் பற்றிப் பேச நமக்கு வராது. ஆனால் பேசும்போதெல்லாம் ஒரு சொல்விளையாட்டையும் ஒரு வழக்கையும்தான் எடுக்கிறோம், இரண்டு கஞ்சிப்பானைகளை எடுப்பதில்லை.

8

நாவலர் பெயரைப் பிரித்த கதையை ஏன் எழுதவில்லை என்று சொல்கிறேன் என்றேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் எனக்கும் என் கல்லூரி நண்பனுக்கும் பொதுவெளியில் ஒரு சண்டை. நாலு பேர் பார்க்கிற இடம் இல்லை, நானூறு பேர் பார்க்கிற திரை. விஷயம் அந்த ஜனவரி 30. வள்ளலார் ஜோதியில் கலந்தார் என்றான் அவன். கொன்றுவிட்டார்கள் என்றேன் நான். அவனிடம் நம்பிக்கை இருந்தது. என்னிடம் சந்தேகம் இருந்தது. ஆதாரம் இரண்டு பேரிடமும் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பித்தது மூன்று மணிக்கும் முடியவில்லை. அவன் என் வாசிப்பைக் கேலி செய்தான். நான் அவன் பெயரைப் பிரித்தேன்.

அவன் பெயரில் பாதி வள்ளலாரின் பெயர். அவன் அப்பா வைத்தது. நான் அதை இரண்டாக உடைத்து, இடையில் ஒரு எழுத்தை மாற்றி, ஒரு வரி எழுதினேன். நல்ல வரிதான், அதில்தான் சனியன். ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதுகைகூட அமைந்திருந்தது. மறுநாள் காலையில் அவனிடமிருந்து ஒரே ஒரு தகவல் வந்தது.

"அப்பா பார்த்துட்டாருடா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் எதுவும் எழுதவில்லை. அந்த வரியை நான் அழித்துவிட்டேன். ஆனால் அதற்குள் அதை எடுத்து வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அவன் அப்பா எனக்குப் பலமுறை சோறு போட்டவர். அவர் வீட்டில் சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது, முதல் உருண்டையை எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். அந்த மனிதர் தன் மகனுக்கு வைத்த பெயரை நான் என்னவாக ஆக்கினேன் என்பதைத் தானே வாசித்திருக்கிறார்.

கண்டனத் திரட்டை நான் கையில் எடுத்தது இதற்குப் பிறகுதான். ஆராய்ச்சி ஆர்வம் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் எனக்கு ஒன்று தெரியவேண்டியிருந்தது, இப்படிச் செய்தவர்கள் அதற்கப்புறம் என்ன ஆனார்கள் என்று. புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. பிரசுரங்களில் வருத்தம் அச்சாவதில்லை. மாமா சொன்ன கோர்ட்டுக் கதையை நான் இப்போது கொஞ்சம் மாற்றி நம்புகிறேன். நாவலர் எழுந்து நின்றாரோ இல்லையோ, சனங்கள் அவரை எழுந்து நிற்க வைத்துப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார்கள். அது ஜெயித்த ஆசையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. இவ்வளவு திட்டிக்கொண்ட பிறகு யாராவது ஒருத்தர் எழுந்து நிற்க மாட்டாரா என்ற ஆசையாகவும் இருக்கலாம்.

போன தைப்பூசத்துக்கு வடலூர் போனேன். கூட்டத்தில் நண்பனின் அப்பா ஏழு திரை விலகுவதற்காகக் காத்துக்கொண்டு, ஒரு பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "ஒக்காருப்பா. இன்னும் நேரம் இருக்கு" என்றார்.

உட்கார்ந்தேன். நண்பனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.